கருமுகனின் பச்சைக் கல்

ஒரு காட்டில், கடுவன் குரங்குகளுள் மூத்ததும், அகவை இருபத்திரண்டு நிரம்பியதும், கற்களின் குணம் யாவும் கற்றறிந்ததாகத் தானே சொல்லிக்கொண்டதுமாகிய கருமுகன் என்னும் குரங்கு வாழ்ந்து வந்தது.

அதனிடம் ஒரு கல் இருந்தது. நீலம் கலந்த பச்சை, ஊடே வெண்கீற்றுகள். மணி நோக்குவோர் அதனை அமேசானைட் என்பர். "இக்கல்லை நோக்கினால் எந்நோயும் தீரும்! காணிக்கை இரண்டு அத்திப்பழம்!" என்று பாறைமேல் அமர்ந்து கருமுகன் கூவும்.

அவ்வாண்டு வெள்ளம் வந்து, காடெங்கும் வண்டல் படிந்தது. பொடிக்கற்கள் யாவும் சேற்றினடியில் புதைந்தன. குழந்தைகளே, கோழிக்குப் பல் இல்லை. அது விழுங்கும் பொடிக்கற்களே வயிற்றில் தானியத்தை அரைக்கும். கல் கிடைக்காமையால், வரிச்சிறகி என்னும் காட்டுக்கோழியின் குஞ்சுகள் மூங்கிலரிசியைத் தின்றும் செரிக்காமல் துவண்டன.

வரிச்சிறகி அவற்றைப் பாறைக்கு அழைத்து வந்தது.

"நோக்கச் சொல்!" என்றது குரங்கு.

"காலை முதல் நோக்குகின்றன, ஐயா. ஒன்று கண்ணையே மூடிவிட்டது."

"பக்தி போதாதடி, கோழி! இன்னும் இரண்டு பழம் கொண்டு வா."

கோழி கல்லைச் சுற்றி வந்து உற்றுப் பார்த்தது. ஒரு பக்கம் படிப்படியாகத் தட்டையாக உடைந்திருந்தது; உடைந்த விளிம்புகளோ சிறிதும் மழுங்கவில்லை. 'தேய்வதற்குக் கடினம், பிளப்பதற்கு எளிது. இதைப் பெறாமல் இவ்விடம் விட்டு நகரேன்' என்று அது உறுதி பூண்டது.

"ஐயா, நரி கேலி செய்கிறது. எந்நோயும் தீர்க்கும் கல்லானால், ஓங்கி அறைந்தால் பாறையல்லவா உடைய வேண்டும் என்கிறது. தங்களுக்கு அச்சமென்றால் விட்டுவிடுங்கள்."

"எனக்கா அச்சம்? அந்தக் கிழட்டு நரிக்கு இப்போதே காட்டுகிறேன்!"

குரங்கு கல்லை இரு கைகளாலும் உயர்த்திப் பாறையில் அறைந்தது. கல் பாளம் பாளமாகப் பிளந்து, பொடிப்பொடியாகச் சிதறியது.

"கொத்துங்கள், கண்மணிகளே!" என்று கொக்கரித்தது கோழி. குஞ்சுகள் பொறுக்கி விழுங்கின. கண் மூடிய குஞ்சின் வாயில் தாயே ஒரு பொடியை இட்டது.

"ஐயோ, என் மருந்து!" என்று அலறியது குரங்கு.

"மருந்துதான் ஐயா, யார் மறுத்தது? கொடுக்கும் முறைதான் தங்களுக்குத் தெரியவில்லை."

அந்தக் குஞ்சு எழுந்து நின்று, இரை கேட்டுத் தாயின் காலைக் கொத்திய நாள், ஆவணித் திங்கள் ஏழாம் நாள், வெள்ளிக்கிழமை.

நீதி: பொருளின் குணத்தை அறிந்து அதற்கேற்ற வேலையில் இடுபவரே அதனால் பயன் பெறுவர்.