நாற்பது பேர் வேண்டும்

திருநெல்வேலியில் ஒரு பொறியியல் கல்லூரி. அங்கே கணினி ஆய்வக உதவியாளராக இருந்தவள் செண்பகவடிவு. பெர்ல் என்ற பழைய கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அந்த ஆய்வகத்தில் கூடுவார்கள். ஒரு காலத்தில் நாற்காலி போதாது. இப்போது அவளும் ரத்தினபாண்டி என்பவரும் மட்டும்தான்.

புதிதாக வந்த முதல்வர் ஞானதுரை அவளைக் கூப்பிட்டார்.

"செத்துப்போன மொழிக்கு எதுக்கும்மா ஏசி ரூம்? இதை உபயோகிக்கிறவங்க நாற்பது பேரை என் முன்னால உட்கார வை. இல்லைன்னா கூட்டத்தை நிறுத்திரு."

"சரி சார். வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கை ஆய்வகத்திலேயே வைங்க. காட்டுதேன்."

எல்லார் முன்னாலும் அவளை மட்டம் தட்டலாம் என்று அவரும் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர்கள் வந்து உட்கார்ந்ததும், "எங்கம்மா உன் ஆளுங்க?" என்றார் முதல்வர்.

"எல்லாரும் வந்தாச்சு சார். நம்ம காலேஜ்ல வருகைப்பதிவு, மார்க், லீவு எல்லாம் போடுத புரோகிராம் நாங்க பெர்ல்ல எழுதினதுதான். காலையில நீங்களும் அதிலதான் வருகை போட்டீங்க. உங்களோட நாற்பத்திரண்டு பேர்."

கூட்டம் சிரித்தது. முதல்வர் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் அந்த மாதக் கூட்டத்துக்கான சனிக்கிழமை. ஆய்வகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தவளுக்கு ரத்தினபாண்டியின் ஃபோன் வந்தது.

"அண்ணாச்சி, ரூம் நமக்குத்தான்!"

"நல்லதும்மா. ஆனா நான் இனி வரலை. புது வேலையில பைத்தான் மொழிதான் கேக்காங்க. அதைப் படிக்கவே நேரம் சரியா இருக்கு."

"சரி அண்ணாச்சி" என்று வைத்துவிட்டாள். ஐந்து மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தது உண்மைதான். அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.