ஐந்தாவது வளைவில் எரிந்த விளக்கு

குழந்தைவேலுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர், இனிப் பந்தயப் பாதையில் கார் ஓட்டியே தீருவேன் என்று கிளம்பியிருந்தார். ஊரே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும், மனுஷன் அசையவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் ஜெசிந்தா, அவரைவிட இருபது வயது இளையவள். வயசு பார்த்தா வித்தை வருகிறது? அங்கே எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

அன்று மதியம் கடைசி ஓட்டம். மூன்று சுற்றைப் பழுதில்லாமல் முடித்தால் கையில் பந்தய லைசென்ஸ். ஆனால் காலையிலேயே இரண்டு முறை அதிகாரிகள் அவரைப் பாதியில் வெளியேற்றிவிட்டார்கள். ஐந்தாவது வளைவில் வண்டியை வலப்பக்கம் ஒடிக்க வேண்டியதுதான், பிரேக் பிடிக்கையில் சக்கரம் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று விளக்கு எரியும். பிரேக்கை மிதித்தால் சக்கரம் இறுகிப் புகை கிளம்பும்.

"சக்கரத்து சென்சாரை ரெண்டு தடவை மாத்திட்டேனுங்க மாஸ்டர். ரெண்டும் புதுசு. அப்பவும் எரியுதுங்க. பேசாம பியூசைப் புடுங்கிட்டு ஓட்டட்டுங்களா?"

"வேண்டாங்ணா. மூணாவது தடவை மாத்துங்க. என் முன்னாடி. முன்னே எப்படிச் செஞ்சீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே."

ஓட்டத்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருந்தது. குழந்தைவேலு பல்லைக் கடித்துக்கொண்டு குந்தினார். முன் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே வண்டியின் அடிச்சட்டத்துக் கம்பியில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்து, கண்ணில் ஒற்றிச் சட்டைப்பையில் போட்டார். சென்சாரை மாற்றினார். கயிற்றை எடுத்துப் பழைய இடத்திலேயே மூன்று முடிச்சுப் போட்டார்.

"அதென்னங்ணா?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"போன மாசம் அந்த வளைவுலதான வண்டி சுத்தி மண்ணுல சொருகுச்சு? சம்சாரம் கோயில்ல மந்திரிச்சுக் குடுத்தாளுங்க. வெளியே கட்டினா வண்டி சோதனைல அவுக்கச் சொல்லுவாங்கன்னு உள்ளே கட்டிட்டேன்."

ஜெசிந்தா திட்டவில்லை. கதவு வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்தாள்.

"இப்பப் பாருங்க."

முடிச்சுக்குள் சென்சார் ஒயரும் சிக்கியிருந்தது. சக்கரத்தின் அச்சு திரும்பக் கயிறு இறுகி, ஒயர் விண்ணென்று இழுபட்டு நுனி கழன்றது.

"அட கிரகமே! நானேதானா?"

அவரே அவிழ்த்தார். ஒயரை மாட்டி, கயிறு இல்லாமல் சக்கரத்தைப் பூட்டினார். ஜெசிந்தா மறுபடி ஒடித்துப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. குழந்தைவேலு கயிற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பொய் சொல்லலீங்க மாஸ்டர், இது இல்லாம அந்த வளைவை நினைச்சாலே பயமா இருக்கு. ஆனா மூணு சுத்தை முடிக்காம வீட்டுக்குப் போக மாட்டேன். இதை எங்கே கட்டட்டும்?"

ஜெசிந்தா ஹெல்மெட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"வலது கணுக்கால்ல கட்டிக்கோங்க. அந்த வளைவுல பிரேக்கை மிதிக்கப் போறது அந்தக் கால்தானுங்ணா."