இரவல் குரல்

ஒரு காட்டுல, செந்நாய்ங்களுக்கே சிம்மசொப்பனமா கருமலைன்னு ஒரு காட்டெருது இருந்துச்சு. அது ஒரு தடவை செருமினா போதும், செந்நாய்க் கூட்டம் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிடும்.

கருமலையோட முதுகுலயே குடியிருந்துச்சு கிட்டான்ங்கிற கரிச்சான் குருவி. உண்ணி பொறுக்கும், காதுக்குள்ள காட்டுக்கதை சொல்லும், யார் குரல்ல வேணும்னாலும் பேசிக் காட்டும்.

கருமலை தலைவனா இருந்த மந்தையில ஒரு வழக்கம். உப்பு மண்ணைத் தலைவன்தான் முதல்ல நக்கணும். ஒருநாள் துடுக்குக் காளை ஒண்ணு முந்திக்கிச்சு. கருமலைக்கு வந்துச்சே கோபம்! "இனி உங்க பாடு!"ன்னு பாறை மேல போய்ப் படுத்துக்கிச்சு.

மூணாம் நாள் செந்நாய்ங்க வந்து, கீழ பள்ளத்துல மேஞ்ச மந்தையை வளைச்சிடுச்சுங்க.

"அண்ணே, கன்னுக்குட்டிங்க கத்துதுண்ணே."

"எனக்குக் காது கேக்கல."

"நேத்துதான் அந்தக் காதுல ஏழு உண்ணி எடுத்தேன். நல்லாவே கேக்கும்."

கருமலை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துச்சு.

"சரி, நீங்க வர வேணாம். குரலை மட்டும் இரவல் குடுங்க."

கருமலைக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "எடுத்துக்கோடா. ஆனா மரத்துலயே இரு. கீழ எறங்கின, தொலைச்சுடுவேன்!"

கொஞ்ச நேரத்துல பள்ளத்துலேர்ந்து அதே செருமல், அதே கரகரப்பு. 'பய நல்லாத்தான் பண்றான்'னு கருமலை கண்ணை மூடிக்கிச்சு.

ஆனா செந்நாய்ங்க அண்ணாந்து பார்த்துச்சுங்க. "டேய், மாடு எப்படா மரம் ஏறுச்சு?" அந்தச் சிரிப்பு பாறை வரைக்கும் கேட்டுச்சு.

அடுத்த செருமல் தரையிலேர்ந்து வந்துச்சு, புதருக்குள்ளேர்ந்து.

கருமலை விருட்டுன்னு எந்திரிச்சுச்சு. "எறங்கிட்டானே!"

செந்நாய்ங்க சிதறி ஓடுச்சுங்க. கன்னுங்க தப்பிச்சுது. செருமல் இன்னொரு தடவை கேட்டுச்சு, பாதியில அறுந்துச்சு. அப்புறம் ஒரு சின்னக் கீச்சு. அது கிட்டானோட சொந்தக் குரல்.

கோபம் பாறையிலயே கிடக்க, கருமலை பள்ளத்துக்குப் பாஞ்சுச்சு. ஒரு கிழட்டுச் செந்நாய் மட்டும் ஓடாம நின்னு, கிட்டானோட வாலை மிதிச்சுக்கிட்டிருந்துச்சு. கருமலை செருமவே இல்ல. ஒரே முட்டு!

"எறங்காதன்னு சொன்னேன்ல?" கருமலை குனிஞ்சு கிட்டானை மோந்து பார்த்துச்சு.

"மாட்டுக் குரல் மரத்துலேர்ந்து வந்தா எடுபடலண்ணே."

"வால் இறகெல்லாம் போச்சேடா!"

"வளரும். நீங்க வந்துட்டீங்கல்ல."

கருமலை கிட்டானை நக்கிக் குடுத்துச்சு.

"அண்ணே, மெதுவா! உங்க நாக்கு என்னைவிடப் பெருசு."

மறுநாள் உப்பு மண்ணுகிட்ட மந்தை முழுக்க ஒதுங்கி வழிவிட்டுச்சு. கருமலை முட்டி போட்டு, கொம்புக்கு நடுவுல உட்கார்ந்திருந்த கிட்டானைக் கீழ எறக்கிவிட்டுச்சு. "முதல்ல நீ."

கிட்டான் ஒரு கொத்து கொத்துச்சு.

"தூ! இந்தக் கருமத்துக்கா மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க?"

நீதி: நாம வீம்பு புடிச்சு உட்கார்ந்தா, நம்ம மேல உயிரா இருக்கறவங்கதான் நம்ம இடத்துல போய் அடி வாங்குவாங்க.