பூசணிச் சட்டமும் ரசக் குற்றமும்

மணலூர் நாட்டை ஆண்ட குமாரகேசரி மன்னருக்குக் கோபம் வந்தால் காது மடல் சிவந்துவிடும். அதை நோய் என்று சொல்ல அதுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த அமிர்தகடேச வைத்தியருக்கு வந்தது. அரசரின் நாடியைப் பிடித்தார். கண்ணை மூடினார். "பித்த உடம்பு!" என்றார்.

அவ்வளவுதான். புளி கூடாது, மிளகு கூடாது, கடுகும் பெருங்காயமும் கண்ணில் படவே கூடாது. விடியலில் பச்சைத் தண்ணீர்க் குளியல், உடம்பெங்கும் சந்தனம், வேளாவேளைக்கு வெண்பூசணிக் கூழ். கோபம் அறவே கூடாது.

இதோடு விட்டிருந்தால் அரசர் ஒருவர் மட்டும்தான் இளைத்திருப்பார். வைத்தியர் விடவில்லை.

"அரசே, மன்னன் உடம்புதான் நாட்டின் உடம்பு. தாங்கள் பத்தியம் இருக்க, குடிமக்கள் புளிக்குழம்பு சாப்பிட்டால் அந்தச் சூடு தங்களைத்தானே தாக்கும்?"

அரசருக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. நாம் வெறும் கூழோடு உட்கார்ந்திருக்கும்போது அடுத்த வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தால் யாருக்குத்தான் நியாயமாகப் படாது? நாடு முழுவதும் பித்தப் பத்தியம், மீறினால் தலை போகும் என்று பறையறைந்தார்கள். நாட்டிலேயே பெரிய பூசணித் தோட்டம் வைத்தியரின் மைத்துனருடையது. அது தற்செயல்தான். நாம் சந்தேகப்படக் கூடாது.

மார்கழிப் பனியில் ஊரே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத் தும்மியது. வாத உடம்புக்காரர்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். கப உடம்புக்காரர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். சேனாபதி தும்மலுக்கு நடுவே உத்தரவு போட்டதில் படை தப்பான திசையில் போய்விட்டது. அரசருக்கு மட்டும் நல்ல குணம் தெரிந்தது. கோபமே வரவில்லை. தண்டனைகளைக்கூடப் புன்னகையோடுதான் கொடுத்தார்.

ஒருநாள் காலை அரண்மனைச் சமையல்காரன் செங்கோடனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவனுடைய அடுக்களையில் மிளகு ரசம் அகப்பட்டிருந்தது. பானையில் பாதி காலி.

"குடித்தாயா?" என்று கேட்டார் வைத்தியர்.

"நான் குடிக்கலை சாமி."

"வேறு யார் குடித்தது?"

செங்கோடன் தரையைப் பார்த்தான். அவன் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் அழுவது உள்ளே கேட்டது.

அரசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சட்டம் சட்டம்தான்" என்றார். புன்னகையோடுதான்.

அப்போது அம்பலத்தாடி எழுந்தான். சபையில் விகடம் பேசியே வயிறு வளர்ப்பவன் அவன். அந்த வயிற்றை உண்மையில் வளர்த்தவன் செங்கோடன்தான். அவன் தலை உருளுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார அம்பலத்தாடிக்கு மனசு வரவில்லை.

"வைத்தியரே, நாடி பிடித்தால் என்னவெல்லாம் தெரியும்?"

"எல்லாம் தெரியும்! நேற்று எதைச் சாப்பிட்டாய் என்பதுகூடத் தெரியும்."

"அப்படியானால் குற்றவாளியின் கையைப் பிடித்துச் சொல்லிவிடுங்களேன். சாட்சி எதற்கு?"

வைத்தியருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேர் பார்க்க நாடி பிடிக்கும் வாய்ப்பு தினமும் வருமா? அரசரின் பக்கத்து ஆசனத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடினார். "ம், கையைக் கொண்டு வா" என்றார்.

அம்பலத்தாடி உதட்டில் விரலை வைத்துச் சபையைப் பார்த்தான். பிறகு சிம்மாசனத்தின் கைப்பிடிமேல் கிடந்த அரசரின் கையை மெல்ல எடுத்து வைத்தியரின் விரல்களுக்கடியில் வைத்தான். அரசர் திகைத்தார். சபை முழுவதும் பார்க்கும்போது கையை இழுத்துக்கொள்ளவா முடியும்?

வைத்தியர் மூச்சை இழுத்தார். புருவத்தை நெரித்தார்.

"மிளகு தெரிகிறது... புளி தெரிகிறது... அடப் பாவி, பெருங்காயம்கூட! துரோகி! ஒரு செம்பு ரசம் குடித்த கை இது. வெட்டுங்கள் இவன் தலையை!"

சபையில் யாரும் தும்மக்கூட இல்லை.

வைத்தியர் கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். கையிலிருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். அதற்குமேல் பார்க்கத் தெம்பில்லை.

அம்பலத்தாடி குனிந்து வணங்கினான். "அரசே, வைத்தியர் சொன்னது சரியென்றால் சட்டம் தங்கள் தலையைக் கேட்கிறது. தவறென்றால் இவருக்கு நாடி பார்க்கத் தெரியாது. நாடி தெரியாதவர் சொன்ன பித்தமும் பொய், பூசணியும் பொய். எது என்று தங்கள் வாயால் சொன்னால் போதும்."

அரசர் அதிகம் யோசிக்கவில்லை.

"பொய்! முழுப் பொய்!" என்று கத்தினார். காது மடல் நெடுநாளைக்குப் பிறகு அழகாகச் சிவந்தது. "செங்கோடனை விடுங்கள். பத்தியச் சட்டத்தை எடுங்கள். அவரவர் உடம்புக்கு ஏற்றதை அவரவர் சாப்பிடட்டும். இந்த வைத்தியர் மைத்துனர் தோட்டத்துக்குப் போய் அங்கே காய்த்திருக்கும் பூசணி முழுவதையும் தானே தின்று தீர்க்கட்டும்!"

சபை ஆரவாரித்தது. செங்கோடன் வாசலை நோக்கி ஓடினான். அரசர் கடகடவென்று சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்கு அணிவித்தார். அப்படியே காதருகில் குனிந்தார்.

"வைத்தியன் சொன்னது பொய்தான் என்று எப்படிடா கண்டுபிடித்தாய்?"

"பொய் என்று நான் எங்கே அரசே சொன்னேன்?" என்று அம்பலத்தாடியும் கிசுகிசுத்தான். "மீசையில் ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் துடைத்துக்கொள்ளுங்கள்."

அரசர் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டார். முத்திரை மோதிரமும் அம்பலத்தாடியின் விரலுக்கு வந்து சேர்ந்தது.