அரசர் கேட்ட உறைமோர்

முன்னொரு காலத்தில், எதையும் இரண்டாகப் பிரிக்காவிட்டால் சோறு இறங்காத ஓர் அரசர் இருந்தார். ஒரு மழைநாளில் அவர் உலகத்து உயிர்களையும் பிரித்தார். நின்ற இடத்திலேயே வெயிலை வைத்துச் சமைத்துக்கொள்வது செடி. அலைந்து திரிந்து பிறவற்றைத் தின்பது விலங்கு. இரண்டுக்கும் தனித்தனி அமைச்சர். தாம் எந்தத் துறையில் வருகிறார் என்பதை மட்டும் அரசர் அறிவிக்கவில்லை.

அன்று வேலாத்தா என்பவள், இடுப்பில் கைக்குழந்தையும் தலையில் காளான் கூடையும் கையில் சோற்றுக் கலயமுமாக அரண்மனைக்கு வந்தாள்.

"இலை இல்லை, பச்சை இல்லை. செத்த மரத்தைத் தின்று வளர்கிறது. என் துறை அல்ல" என்றார் செடி அமைச்சர்.

"காலும் இல்லை, வாயும் இல்லை. எனக்கும் வேண்டாம்" என்றார் விலங்கு அமைச்சர் மருதவேள்.

"இரண்டிலும் சேராத உயிருக்கு நம் நாட்டில் இடமில்லை. அதை வைத்திருப்பவருக்கும் இல்லை!" என்றார் அரசர்.

"பச்சப் புள்ளயத் தூக்கிட்டு நான் எங்க சாமி போவேன்?" என்றாள் வேலாத்தா. காவலர்கள் அவளை எல்லைக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

அரசவை விகடகவி நொச்சியன் அவளுக்காகப் பேச வாயைத் திறந்தான். அதற்காகவே காத்திருந்த மருதவேள் முந்திக்கொண்டார். "அரசே, ஆணையை நொச்சியனே நிறைவேற்றட்டும். நாளைக்குள் அத்தகைய உயிர் ஒன்று மிஞ்சினாலும் அவனும் எல்லை தாண்டட்டும்."

"உத்தரவு" என்றான் நொச்சியன், மிகுந்த பணிவோடு.

மறுநாள் நண்பகலில் அரண்மனையே அதிர்ந்தது. அரசரின் நாலு வயது மகள் தயிர்ச்சோறு தவிர எதையும் தொடமாட்டாள். பாலோ உறையாமல் பாலாகவே இருந்தது.

"தயிர் எங்கே?" என்று கத்தினார் அரசர்.

"ஒழித்துவிட்டேன் அரசே" என்றான் நொச்சியன். "ஒரு சொட்டு உறைமோர் சட்டி முழுக்கப் பெருகுகிறது. கொதிக்க வைத்தால் செத்துப்போகிறது. எனவே அதில் உயிர் இருக்கிறது. இலையும் இல்லை, காலும் இல்லை. ஊரிலுள்ள உறைமோர் முழுவதையும் காய்ச்சிவிட்டோம். புளித்த இட்லி மாவையும்தான். மருதவேளார் வீட்டு மாவை நானே நின்று கிளறினேன்."

"அக்கிரமம் அரசே!" என்றார் மருதவேள்.

"அப்படியானால் உங்கள் துறையில் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. தயிருக்குக் கால் எத்தனை?"

மருதவேள் தம் காலைப் பார்த்துக்கொண்டார்.

"எங்குமே மிச்சமில்லையா?" என்றார் அரசர், குரல் இறங்கி.

"எல்லைக்கு அப்பால், வேலாத்தாவின் கலயத்தில் இருக்கிறது. ஆனால் உறைமோரை வீட்டார்தான் கிண்ணத்தோடு போய்க் கேட்க வேண்டும். ஊர் வழக்கம்."

அரசர் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கிண்ணத்தோடு நடந்தார்; நொச்சியன் பின்னால் வந்தான். எல்லைக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் வேலாத்தா உட்கார்ந்திருந்தாள். சிறுமியின் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள்.

"அழுது அழுது மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சே. மொதல்ல புள்ள சாப்பிடட்டும்" என்று தன் பழைய சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். பிறகு கிண்ணத்தில் இரண்டு கரண்டி ஊற்றினாள். "பால் வெதுவெதுன்னு இருக்கணும் சாமி. எனக்கு ஒரு நாளு ஒற தப்பிப்போச்சுன்னா யாருகிட்டப் போயிக் கேப்பேன்? அக்கம்பக்கத்துல ஒரு வீடு இல்ல."

அரசர் கிண்ணத்தைப் பார்த்தார், நொச்சியனைப் பார்த்தார். கண் கலங்கியபடியே சிரிக்கத் தொடங்கியவர், கிண்ணம் தளும்பும்வரை சிரித்தார். அங்கேயே, இரண்டிலும் சேராத உயிர்களுக்கென மூன்றாவது துறையொன்றை உண்டாக்கி நொச்சியனுக்குக் கொடுத்தார். வேலாத்தாவுக்கு அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கொடுத்தார்.

அவள் குடிவந்த அன்று வாசலில் முதல் ஆளாகக் கிண்ணத்தோடு நின்றவர் மருதவேள். வேலாத்தா அவருக்கும் இரண்டு கரண்டி ஊற்றினாள்.