பேச்சித்தாய் போட வந்த பூட்டு

தூத்துக்குடி ஞானதுரையின் அப்பளம் முதல்முறையாகக் கப்பல் ஏறப்போனது. சரக்கு பாதிக் கண்டெய்னருக்குத்தான் வரும். ஆனால் ஷிப்பிங் ஏஜெண்ட் ஜெயக்கொடி, "ஊரார் சரக்கோட சேர்த்து அனுப்பினா அத்தனையும் நொறுங்கிரும். முழுக் கண்டெய்னரா எடுங்க" என்று மிரட்டியதில் முதலாளி தலையாட்டிவிட்டார்.

பெட்டி அடுக்கும் பேச்சித்தாய்க்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மரப்பெட்டியில் அடைத்த அப்பளம் எப்படி நொறுங்கும்? சரக்கு ஏறியதும், முழுக் கண்டெய்னர் என்றால் அங்கேயே கதவுக்கு வைக்க வேண்டிய சீல்கூட வைக்காமல் ஏஜெண்ட் லாரியைக் கிளப்பச் சொன்னார். அவளுக்குச் சந்தேகம் வலுத்தது. குடோன் பூட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அண்ணாச்சி, கண்டெய்னர் முழுசும் எங்களுக்குத்தானே? இங்கேயே பூட்டிருதேன்."

ஜெயக்கொடி பதறிப்போனார். "பூட்டாதம்மா! ஹார்பர்ல இன்னும் சரக்கு ஏத்தணும்."

"எங்க சரக்கு ஏறி முடிஞ்சிட்டுல்லா? இனி ஏத்துறது யாரு சரக்கு?"

மீதி இடத்துக்கு வேறு ஆளிடமும் வாடகை வாங்கப் போகிறார் என்று புரிந்ததும், பக்கத்தில் நின்ற ஞானதுரையின் முகம் சிவந்தது.

"ஊராரோட சேர்ந்து போகணும்னா எங்க பங்குக்கு மட்டும் வாடகை வாங்குங்க. முழுசும் எங்களுக்குன்னா பூட்டைப் போடுதேன். எதுன்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் பேச்சித்தாய்.

ஏஜெண்ட் பங்குக்கு மட்டும் புது பில் எழுதினார். அதற்குப் பிறகு எந்த ஏஜெண்ட் வந்தாலும், "முதல்ல பேச்சித்தாய்கிட்ட பேசிட்டு வாங்க" என்றார் ஞானதுரை.