பதின்மூன்றாவது பெயர்

அன்னத்தாய் டீச்சரின் கபடி அணியில் பன்னிரண்டு பெண்கள். ஆனால் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்து அவர் கூப்பிடுவது பதின்மூன்று பெயர்கள்.

கடைசிப் பெயர் செல்வநாயகி. அதற்கு யாரும் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னதில்லை. டீச்சர் ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். பிறகு விசில் ஊதுவார்.

அது யார் என்று கேட்டால், "மூணு ரவுண்டு ஓடுங்கட்டி" என்பார். கேட்ட பாவத்துக்கு எல்லாரும் ஓட வேண்டியிருந்ததால், காலப்போக்கில் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

முத்துவடிவும் பள்ளி நாட்களில் அந்த வரிசையில் ஆறு வருடம் நின்றவள்தான். இப்போது இருபத்தாறு வயது, அதே மைதானத்தில் துணைப் பயிற்சியாளர். வருகிற மே மாதம் டீச்சர் ஓய்வு பெற்றதும் அணி இவள் கைக்கு வரும். ஆட்டம் நன்றாகத் தெரியும். கோபம் அதைவிட நன்றாக வரும்.

அந்தக் கோபத்துக்கு அந்த வருடம் கிடைத்தவள் மாரிக்கனி.

மாரிக்கனிக்குப் பதினைந்து வயது. அவள் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு போனால் எதிரணி பின்வாங்கும். வாயைத் திறந்தால் சொந்த அணியே பின்வாங்கும். பிடி நழுவவிட்டவளைப் பார்த்துக் கைதட்டுவாள். கேப்டன் ஜெபராணியை அவள் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, 'குண்டம்மா'தான். உள்ளுக்குள் தங்கமான பிள்ளை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பார்த்தவரையில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அவளை நூல் மில்லுக்கு அனுப்ப வீட்டில் ஒரு வருடமாகப் பேச்சு. தடுத்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. மாதக் கடைசியில் விளையாட்டு விடுதிக்கான தேர்வு இருந்தது. இடம் கிடைத்தால் விடுதியில் சாப்பாடு, படிப்பு. கிடைக்காவிட்டால் மில். அணியில் பெயர் இருந்தால்தான் அந்தத் தேர்வுக்கே போக முடியும்.

இந்த நிலையில்தான் வட்டார அரையிறுதி வந்தது.

கபடியில் அவுட் ஆனவள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். தன் அணியில் ஒருத்தி எதிராளியை அவுட் ஆக்கினால்தான் அவளுக்கு உயிர் வரும், உள்ளே வரலாம். இன்னொரு வழியிலும் புள்ளி எடுக்கலாம். எதிரணியில் ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால், யாரையும் தொடாமல் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாலே ஒரு புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியால் பெஞ்சில் இருப்பவளுக்கு உயிர் வராது.

அன்றைக்கு ஜெபராணி உட்பட மூன்று பேர் பெஞ்சில். மாரிக்கனி நான்கு முறை போனாள். நான்கு முறையும் போனஸ் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். தொடுவதற்கு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றும் தொடவில்லை. ஐந்தாவது முறை அவளை அமுக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்று பேரும் அடுத்தடுத்து விழ, ஆட்டம் போனது.

பெஞ்சில் அழுதுகொண்டிருந்த ஜெபராணியிடம் போய் மாரிக்கனி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எம் பாயிண்ட எண்ணிப் பாரு குண்டம்மா. தோத்தது நீங்க. நான் இல்ல."

முத்துவடிவு அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "வெளிய போ. இவ்வளவு பேரு கால்லயும் விழுந்து மன்னிப்பு கேக்காம நம்ம கோட்டுக்குள்ள கால வச்சிராத."

"நான் ஏன் விழணும்?"

"அப்ப வராத."

அன்று மாலையே பதிவேட்டில் மாரிக்கனியின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தாள். டீச்சர் பக்கத்தில்தான் இருந்தார்.

வியாழக்கிழமை காலை மாரிக்கனி வந்தாள். ஜெர்சி போட்டிருந்தாள். உள்ளே வரவில்லை, மைதான ஓரத்துத் தண்ணீர்த் தொட்டியருகே நின்றாள். முத்துவடிவு பார்க்காததுபோல் இருந்தாள். வெள்ளிக்கிழமையும் வந்து அங்கேயே நின்றாள். முத்துவடிவு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை தொட்டியருகே யாரும் இல்லை.

டீச்சர் பெயர் கூப்பிட்டார். பதினோரு பேர் பதில் சொன்னார்கள். பன்னிரண்டாவதாகச் செல்வநாயகி என்றார். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தார். விசிலை வாயில் வைக்கவில்லை.

"மாரிக்கனி" என்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் இல்லை. டீச்சர் அதற்கும் ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு விசில் ஊதினார்.

முத்துவடிவுக்கு முகம் சிவந்தது. "அவ பேரத்தான் அடிச்சாச்சே டீச்சர்."

"பார்த்தேன். ஒரு ஆளு குறையுது. நீ எறங்கி ஆடு."

ஆறுக்கு ஆறு. டீச்சரே நடுவர். ஆட்டம் தொடங்கும் முன் அவர் முத்துவடிவின் அணிப் பெண்களைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார்.

முதல் பாட்டுக்கு முத்துவடிவே போனாள். பழைய வேகம் இல்லை. கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளைகள் முன்னால் சிரித்துச் சமாளித்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அவள் அணியிலிருந்து ஒருத்தி பாடிப் போனாள். போனஸ் எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அடுத்தவள் போனாள். அவளும் போனஸ்.

எதிரணிக்காரிகள் வந்தார்கள். யாரையும் தொடாமல் திரும்பினார்கள். மறுபடி இவள் பக்கத்துப் பெண் போனாள். மறுபடி போனஸ். வெயில் ஏறியது. பெஞ்சின் இரும்பு சுட ஆரம்பித்தது. உள்ளே ஆட்டம் அவள் இல்லாமலே நன்றாக நடந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அவளுக்கு எதற்கென்று தெரியாமலே அழுகை வரும்போல் இருந்தது.

"யாராவது ஒருத்தியத் தொட்டுட்டு வாங்களேம்ட்டி!" என்று கத்தினாள்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "அவங்கள ஏன் வையுத? நீயா எந்திரிச்சு வா."

"அவுட் ஆனவ எப்படி டீச்சர் தானா வர முடியும்?"

டீச்சர் நீளமாக விசில் ஊதினார். "போதும். வீட்டுக்குப் போங்க எல்லாரும்."

பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். டீச்சர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவ செஞ்சது தப்பு இல்லையா டீச்சர்?" என்றாள் முத்துவடிவு.

"தப்புதான்."

"நான் சொன்னது நியாயம் இல்லையா?"

"நியாயந்தான். செல்வநாயகிகிட்ட நானும் அதைத்தான் சொன்னேன்."

முத்துவடிவு நிமிர்ந்தாள்.

"நீ சேர்றதுக்கு முந்தின வருசம். உன்னைய விடக் கெட்டிக்காரி. வாய்க்கொழுப்பு. கூட ஆடுறவளக் கன்னத்துல அறைஞ்சிட்டா. வெளிய போ, மன்னிப்பு கேட்டுட்டு உள்ள வான்னேன்."

"கேட்டாளா?"

"கேக்கல. அந்தா, அந்தத் தொட்டிகிட்ட வந்து நின்னா. மூணு நாளு. நானும் பார்க்காத மாதிரி விசில் ஊதிக்கிட்டுக் கெடந்தேன். அவளா வரட்டும்னு இருந்தேன். நாலாம் நாள் அவ இல்ல."

"அப்புறம்?"

"ஆட்டமும் போச்சு, இனி பள்ளிக்கூடம் எதுக்குன்னு வீட்டுல வெடி ஆபீசுக்கு அனுப்பிட்டாக. எட்டு மாசம் போனா." டீச்சர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார். "வெடி விபத்துன்னு பேப்பர்ல செத்தவுக ஒம்பது பேர் போட்டிருந்தான். அவ பேரு ஆறாவதா இருந்துச்சு."

தெருவில் ஒரு பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"ஆஸ்பத்திரி வாசல்ல அவ அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டா. வைவான்னு நெனச்சேன். வஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும். 'டீச்சர் கூப்பிட்டு விடுவாக கூப்பிட்டு விடுவாகன்னு, ஞாயித்துக்கெழம தவறாம ஜெர்சியத் துவைச்சுக் காயப்போடுவா டீச்சர்'னு சொன்னா."

முத்துவடிவு தொட்டியைப் பார்த்தாள். நேற்று மாரிக்கனி அங்கே நின்றபோது ஜெர்சி ஈரமாக இருந்தது. காயாத துணியை ஏன் போட்டுக்கொண்டு வந்தாள் என்று அப்போது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"மாரிக்கனி அம்மா நேத்து ஆபீஸ்ல வந்து டி.சி. கேட்டிருக்கா" என்றார் டீச்சர். "மில்லு வேன் இன்னைக்குப் பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வருதாம்."

"மணி இப்ப எட்டே முக்கால் டீச்சர்!"

"ஆமா."

"நீங்க ஏன் நேத்தே போகல?"

"அவள வெளிய அனுப்புனது நான் இல்ல. நான் போயிக் கூப்பிட்டாலும், உன் கோட்டுக்குள்ள எடம் இல்லன்னுதான் அவளுக்குத் தோணும். நீ போகமாட்டேன்னா சொல்லு, இப்பவே நான் போறேன். ஆனா அவ உன் மூஞ்சியத்தான் தேடுவா."

முத்துவடிவு எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். அன்றைக்கு மாரிக்கனி பெஞ்சில் ஜெபராணியிடம் சொன்னதும், சொன்னபோது சிரித்த சிரிப்பும் மனதில் வந்தன. போய் நின்றால் அதே சிரிப்பைத்தான் இன்றும் சிரிப்பாள்.

"நானே போயிக் கூப்பிட்டா, தப்பு எம்மேலன்னு நெனப்பா டீச்சர். மன்னிப்பும் கேக்க மாட்டா. அதுக்கப்புறம் அவ திமிர யாரும் அடக்க முடியாது."

டீச்சர் பதிவேட்டை எடுத்துப் பிரித்து அவளிடம் நீட்டினார். பன்னிரண்டு பெயர்களுக்குக் கீழே, டீச்சரின் கையெழுத்தில், வருடாவருடம் புதிதாக எழுதப்படுகிற அந்தப் பெயர் இருந்தது. அதற்கு எதிரே கட்டங்கள் எல்லாம் காலி.

"திமிரு பிடிச்சவள வச்சு ஆடிரலாம் வடிவு" என்றார். "வெறும் பேர வச்சு ஆட முடியல."